முன்வரிசையில் ஒரு சோபா

இந்த ஆடியிலிருந்து நம் ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதப்போகும் புதியவர்களுக்கு ஏதாவது வழிமுறை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சரியான ஆளைத்தான் கேட்டிருக்கிறீர்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஏணியில் எப்படி ஏறுவது, எப்படி இறங்குவது, ஏணியே இல்லாதபோது என்னென்ன செய்யக் கூடாது என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அவற்றை முதலிலிருந்து கடைசி வரை படித்த ஒரே மனிதர் எங்கள் தட்டச்சர். அவரும் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் படித்தார்.

ஆகவே வழிமுறை வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன். முழங்கால் ஒத்துழைக்காததால் மேடை மேடையாக அலைவதிலிருந்தும் இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். இரண்டு முறை ஓய்வு பெற்றவன் பேச்சை ஒரு முறை கேட்பதில் தவறில்லை.

நாம் எழுதுவது கச்சேரி விமர்சனம். சபாக் கச்சேரிக்கு எழுத ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே கேன்டீன் போண்டாவுக்குக்கூட விமர்சகர் உண்டு. நம்முடையது வேறு. ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் வார்த்த அன்று மாலை, தெருவை அடைத்து மேடை போட்டு நடக்கும் மெல்லிசைக் கச்சேரி. திருவொற்றியூரில் தொடங்கி எண்ணூர் வரை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எத்தனை மேடை! பாடுகிறவர்கள் பகலில் துறைமுகத்திலும் பட்டறையிலும் வேலை செய்கிறவர்கள். கேட்பதற்கு ஊரே வரும். எழுதுவதற்குத்தான் ஒருவரும் இல்லை.

நானும் எழுதுவதற்காகப் போகவில்லை. ஓய்வு பெற்ற முதல் ஆடியில், இரைச்சல் தாங்கவில்லை என்று புகார் கொடுக்க முடிவு செய்தேன். புகார் எழுதும் நடைமுறை எனக்கு அத்துப்படி. யார் யாருக்கு நகல் அனுப்பினால் யார் யார் தூக்கம் கெடும் என்பது உட்பட. ஆதாரம் இல்லாமல் புகார் எழுதக் கூடாது என்பதும் நடைமுறை. ஆதாரம் சேகரிக்க மேடை அருகே போனேன். கச்சேரி முடிந்து ஒயர் சுருட்டும் வரை அங்கேயே நின்றுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து எழுதினேன். புகார் அல்ல, ஆனால் எனக்குத் தெரிந்த ஒரே வடிவத்தில், விபத்து அறிக்கை மாதிரி. நடந்தது: டிரம்ஸ் பாட்டை முந்திக்கொண்டு ஓடியது. காரணம்: ஸ்பீக்கர் பாக்ஸ் எல்லாமே கூட்டத்தைப் பார்த்து இருந்ததால், டிரம்ஸ்காரர் காதில் பாட்டு விழவில்லை. இனி செய்ய வேண்டியது: ஒரு பாக்ஸை மேடைப் பக்கம் திருப்பி வைக்கவும்.

ஃபேஸ்புக்கில் போட்டேன். என் மைத்துனர் கட்டைவிரல் காட்டினார். அவர் எல்லாவற்றுக்கும் கட்டைவிரல் காட்டுகிறவர். இரங்கல் செய்திக்கும் காட்டியவர்.

அடுத்த ஞாயிறு வேறொரு தெருவில் அதே குழு. கூட்டத்துக்குள் நுழைந்ததும் என் கண் தானாக மேடைக்குப் போனது. ஒரு பாக்ஸ் உள்பக்கம் திரும்பி இருந்தது!

நண்பர்களே, வேலையில் இருந்த காலம் முழுக்க நூற்றுக்கணக்கான அறிக்கைகளில் "இனி செய்ய வேண்டியது" என்று எழுதியிருக்கிறேன். யாரும் எதையும் செய்ததில்லை. இங்கே முகம் தெரியாத ஒருவர் நான் எழுதியதைப் படித்து, ஒரு கனமான பெட்டியைத் தூக்கித் திருப்பி வைத்திருக்கிறார். டிரம்ஸ் பாட்டோடு ஒட்டி நடந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடம், "அந்தப் பாக்ஸைப் பாருங்க, அந்தப் பாக்ஸை!" என்றேன். அவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகு கட்டுக்கடங்கவில்லை. டீக்கடையில், "சார், நம்ப தெரு கச்சேரிக்கு எப்ப வருவீங்க?" என்று கேட்டார்கள். பஸ்ஸில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். வயதைப் பார்த்து என்று நினைத்தேன், இல்லை, போன வாரம் அவர் தம்பியின் கிதாரைப் பற்றி எழுதியிருந்தேன். ஒரு குழு தன் பேனரில் "விமர்சகரால் பாராட்டப்பட்டது" என்று அச்சடித்தது. நான் பாராட்டியது அவர்களுடைய ஜெனரேட்டரை மட்டும்தான்.

இப்படி எழுத்து கவனிக்கப்படும்போது வருகிற போதை இருக்கிறதே, அதைக் கெட்டது என்று சொல்ல மாட்டேன். நன்றாக அனுபவியுங்கள். ஆனால் அதுவரை நாம் மட்டுமே கவனித்துக்கொண்டிருந்தோம், இனி நம்மையும் கவனிக்கிறார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். அதை நான் முகத்துவாரக்குப்பத்தில் தெரிந்துகொண்டேன்.

தேசிங்கு என்பவர் ஒரு குழு நடத்துகிறார். கீபோர்டும் அவர்தான், மைக்கில் அறிவிப்பும் அவர்தான். திருவொற்றியூரில் அவர் குழுவின் கச்சேரியைக் கேட்டுவிட்டு இப்படி எழுதினேன்: "இடது ஓரத்தில் நின்று கோரஸ் பாடிய பெண்ணின் பெயரை மேடையில் யாரும் சொல்லவில்லை. முதல் பாடகி மூச்சு வாங்கிய இடங்களிலெல்லாம் பாட்டு கீழே விழாமல் தாங்கியவர் அவர். கனமான, அடக்கமான குரல். இனி செய்ய வேண்டியது: அவர் பெயரைச் சொல்லவும்."

மறுநாள் காலையில் என் கைபேசி கொதிக்கிற பால் மாதிரி பொங்கிக்கொண்டிருந்தது. யாரோ பெயரைச் சொல்லிவிட்டார்கள்: தேவகி. கன்டெய்னர் யார்டில் வேலை. வாசலில் வரிசையாக நிற்கும் லாரிகளை மைக்கில் நம்பர் சொல்லி உள்ளே கூப்பிடுகிறவர். அவ்வளவுதான், லாரி ஓட்டுநர்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். "எங்க யார்டு அக்கா!" "எங்களுக்கு முன்னாடியே தெரியும்!" எண்ணூர் சாலையில் லாரிகள் ஒருநாளும் போகாத வேகத்தில் என் நான்கு வரி போனது.

மூன்றாம் நாள் தேசிங்கு போன் செய்தார்.

"இன்னா சார், இப்டி எய்திட்டீங்க?"

"தப்பா எழுதிட்டேனா?"

"தப்பா எய்தி இருந்தா பரவால்ல சார், சிரிச்சிகினு போய்டுவேன். சரியா எய்திட்டீங்க, அதான் பேஜாரு. முகத்துவாரக்குப்பம் கமிட்டி தலைவரு வேலு கீறாரு பாருங்க, அந்தப் பொண்ணு தான் மெயினா பாடணும், இல்லன்னா வேற குழு பாத்துக்கறேங்குறாரு. என் மெயின் சிங்கர் போனே எடுக்க மாட்டேங்குறாங்க."

"நீங்க என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?"

"மூணு பாட்டு குடுப்பேன் சார். கூட்டம் நின்னா சரி. நிக்கலன்னா மைக்க வாங்கி மெயின் கையில குடுத்துருவேன். அப்பால தேவகிக்கு கோரஸும் கெடையாது. ரெண்டு பேரையும் ஒரே மேடையில வெச்சிகினு நான் குடும்பம் நடத்த முடியாது."

அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கச்சேரி முடிந்ததும் விழாக் கமிட்டித் தலைவர் மேடை ஏறி, ஊர் பார்க்க வெற்றிலைத் தட்டு நீட்டுவார். நீட்டினால் அடுத்த ஆடியும் அந்தக் குழுதான். தட்டு வராவிட்டால் யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். ஆனால் தட்டு வராத குழு என்ற பேர் மறுநாள் காலை மீனோடு மீனாகக் கூடையேறி ஊரெல்லாம் போய்விடும். ஆக, தேவகிக்கு மூன்று பாட்டு. தேசிங்குவுக்கு ஒரு தட்டு. இரண்டுக்கும் காரணம் என் நான்கு வரி.

எனக்குப் பயமாக இருந்ததா? பொய் சொல்ல மாட்டேன். குஷியாக இருந்தது. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

குப்பத்துக்குள் நுழைந்ததும் வேலு ஓடி வந்தார். நாற்பது வயது, சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருக்கிறவர், அன்றைக்கு மஞ்சள் வேட்டி. "வாங்க சார், வாங்க! உங்க சீட்டு ரெடி!" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார். மேடைக்கு நேர் எதிரே, மணலில், கல்யாண மண்டபத்திலிருந்து கொண்டுவந்த சிவப்பு சோபா. மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற, முதுகில் மயில் செதுக்கிய சோபா. அதில் நான் மட்டும். எனக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள், அதற்குப் பின்னால் பாயிலும் மணலிலுமாகப் பெண்கள், ஓரமாகக் கரையேற்றிய படகுகள். தோளில் சால்வை போட்டார்கள். கையில் குளிர்பானம் கொடுத்தார்கள். பிரமுகரைச் செயலிழக்க வைக்கும் நடைமுறை எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

கச்சேரிக்கு முன் தேவகி இறங்கி வந்தார். முப்பது வயது இருக்கும். பச்சைப் புடவை, கையில் கைபேசி.

"சார், நீங்க எய்தினத டெய்லி படிக்கிறேன் சார். அடக்கமான குரல்னு போட்டீங்க இல்ல? அத்தயே பிடிச்சிகினு ப்ராக்டீஸ் பண்ணி வெச்சிகீறேன். ஒரு எடத்துல கூட தூக்க மாட்டேன், பாருங்க."

"ரொம்ப நல்லது" என்றேன். என் சொல்லை ஒருவர் மனப்பாடம் செய்திருக்கிறார் என்ற சந்தோஷத்தில், அவர் சொன்னதன் பொருள் எனக்கு உறைக்கவில்லை.

மேடையின் வலது ஓரத்தில் முதல் பாடகி பட்டுப்புடவையில் நின்றிருந்தார். அவர் கையிலும் ஒரு மைக். அணைத்து வைத்திருந்தார், ஆனால் கீழே வைக்கவில்லை.

முதல் பாட்டு எங்கேயும் அம்மன் பாட்டுதான். அந்தப் பாட்டுக்குக் கூட்டத்தில் ஒருவர் மேலாவது அம்மா வர வேண்டும். வந்து, ஆடி, கற்பூரம் காட்டி அம்மா மலையேறின பிறகுதான் மற்ற பாட்டு. இது விழாவில் ஓர் உருப்படி மாதிரி. நம்புகிறவர்கள் நம்புகிறார்கள், நான் அதை அறிக்கையில் "நடந்தது" என்ற தலைப்பின் கீழ் எழுதுவேன், "காரணம்" என்ற இடத்தை விட்டுவிடுவேன்.

தேவகி தொடங்கினார். சுருதி சுத்தம். தாளம் சுத்தம். ஓர் எழுத்து பிசகவில்லை. கனமாக, அடக்கமாக, நான் எழுதியபடியே இருந்தது. அணைத்து வைத்த அடுப்பு மாதிரியும் இருந்தது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் அவர் கண் என் முகத்துக்கு வந்தது. நான் தலையசைத்தேன். உடனே அடுத்த வரியை அதே அளவில், இன்னும் கவனமாகப் பாடினார்.

பாட்டு முடிந்தது. ஒருவர்கூட அசையவில்லை. வேப்பிலைக் கொத்தோடு முன்னால் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னாடி, அம்மா வரல?"

"எப்டி வருவா? பாட்டு எங்க வந்துச்சி?"

வேலு என் பக்கம் குனிந்தார். அவர் மூக்கின் நுனியில் வியர்வை. "சார், நீங்க சொன்ன பொண்ணு இத்து தானா?"

இரண்டாவது பாட்டு ஒரு பழைய சினிமாப் பாட்டு. பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள் நகரும் சத்தம். படகுகளுக்குப் பக்கத்தில் இருந்த பஜ்ஜி வண்டியைச் சுற்றி வரிசை கூடிக்கொண்டிருந்தது. மெல்லிசைக் கச்சேரியில் கைதட்டலைப் பார்க்காதீர்கள் நண்பர்களே, பஜ்ஜி வரிசையைப் பாருங்கள். அது பொய் சொல்லாது.

நான் தலையசைப்பதை நிறுத்தினேன். தேவகி பயந்துபோய் குரலை இன்னும் தாழ்த்தினார். சரி, சிரித்துப் பார்ப்போம் என்று சிரித்தேன். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு இன்னும் மென்மையாக்கினார். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு வரி தடுமாறியது. வலது ஓரத்தில் முதல் பாடகி மைக்கின் பொத்தானை அமுக்கினார். அதில் சின்னதாகப் பச்சை விளக்கு எரிந்தது.

அப்போது எனக்கு ஒரு பழைய சங்கதி நினைவுக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழுது பார்த்த கொதிகலனைத் திரும்ப ஏற்றும்போது, நான் இயக்குபவரின் பக்கத்தில் விறைப்பாக நின்றேன். அவர் வால்வை அரைச் சுற்று திருப்புவார், என்னைப் பார்ப்பார், பழையபடி திருப்பி வைப்பார். என் மேலதிகாரி வந்து என் காதருகே சொன்னார்: "நீங்க வெளிய போய் நில்லுங்க. அவர் மீட்டரைப் பாக்கல, உங்க மூஞ்சியப் பாத்து வால்வு திருப்பறார்." பாதுகாப்பு அதிகாரி இல்லாமல் ஏற்றக் கூடாது என்று விதி இருக்கிறதே என்றேன். "விதியை வாசலுக்கு வெளிய நின்னு கடைப்பிடிங்க" என்றார். போனேன். கொதிகலன் ஒழுங்காக ஏறியது.

இங்கேயும் நான் எழுந்து போக வேண்டும். ஆனால் எப்படி? கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லலாம். சொன்னால் நான் திரும்பி வரும் வரை அவர் காலி சோபாவுக்குப் பாடிக்கொண்டிருப்பார். பக்கவாட்டில் போய் உட்காரலாம். கண் அங்கேயும் வரும். போனால் மொத்தமாகப் போக வேண்டும், போய்விட்டேன் என்று அவருக்குத் தெரியவும் வேண்டும். முன்வரிசையிலிருந்து விமர்சகர் பாதியில் எழுந்து போவதற்கு ஊரில் ஒரே அர்த்தம்தான். அந்த அர்த்தத்தில் அவர் உடைந்து போனால், மூன்றாவது பாட்டுகூட இல்லை. முதல் பாடகி ஓரடி முன்னால் வந்தால் போதும்.

நேரம் இல்லை. யோசனை கேட்க ஆள் இல்லை. அந்தப் பெண்ணின் குரலில் ஒரு வலு இருக்கிறது என்று திருவொற்றியூரில் என் காது சொன்னது. அப்போது அவருக்கு நான் யார் என்றே தெரியாது. அந்தக் காதை நம்புவதா, இந்த சோபாவை நம்புவதா?

சால்வையை மடித்து சோபாவின் மேல் வைத்தேன். மேடைக்கு எதிரிலேயே, விளக்கு வெளிச்சத்தில், குறுக்கே நடந்தேன்.

"சார்! சார், இன்னா ஆச்சி?" வேலுவின் குரல் பின்னால் வந்தது. தேசிங்கு பழக்க தோஷத்தில் மைக்கிலேயே சொல்லிவிட்டார்: "ஐயா... ஐயா கெளம்பிட்டாரு போல கீது..." கூட்டத்தில் சிரிப்பு. யாரோ, "நைனா, எங்களையும் இட்டுகினு போ!" என்று கத்தினார்கள்.

பாட்டு நின்றுவிட்டது.

படகுகளுக்குப் பின்னால் போய், பஜ்ஜி வண்டியின் மறைவில் நின்றேன். அங்கிருந்து மேடை தெரியவில்லை. காதில் விழுந்தது ஜெனரேட்டரும் கொதிக்கிற எண்ணெயும்தான். வண்டிக்காரப் பெண்மணி உயரமான மரப்பெட்டி மேல் நின்று வியாபாரம் செய்துகொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் தெரிந்தது.

"என்னம்மா நடக்குது?" என்றேன்.

"ஒண்ணும் நடக்கல. எவனோ ஒரு பெரிசு சோபாவுல குந்திகினு இருந்துட்டு எய்ந்து பூட்டானாம். பாவம், அந்தப் பொண்ணு மூஞ்சி செவந்து கீது."

"அழுவுறாங்களா?"

"அத்த அழுவுறதுன்னு சொல்ல முடியாது. எங்க வூட்டுக்காரர் லேட்டா வந்தா நான் பாக்கறேன் பாரு, அந்த மாதிரி பாக்குது."

ஸ்பீக்கரில் ஒரு மூச்சு கேட்டது. பிறகு தேவகியின் குரல். பாட்டில்லை, பேச்சு.

"போறவங்க போட்டும். நான் நிக்கிறவங்களுக்கு பாடறேன். அண்ணா, அம்மன் பாட்டு. மொதல்லேர்ந்து."

தேசிங்கு குரல் தாழ்த்தினாலும் மைக் விடவில்லை. "அத்து பாடியாச்சிம்மா. ரெண்டாந்தபா பாடற வழக்கம் இல்ல."

"பாடல. ஒப்பிச்சேன். இப்ப தான் பாடப்போறேன். நீ வாசி."

டிரம்ஸ்காரர் தேசிங்குவின் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. அடித்துவிட்டார். கீபோர்டிலிருந்து உடுக்கைச் சத்தம் ஓடி வந்து சேர்ந்துகொண்டது.

பிறகு அந்தக் குரல் வந்தது. அதை எப்படி எழுதுவது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அடக்கமான குரல் என்று எழுதினேனே, அந்த அடக்கத்துக்கு உள்ளே இவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஜெனரேட்டர் சத்தம் காணாமல் போனது. வண்டியில் இருந்த தட்டுகள் அதிர்ந்தன. உச்சியில் ஓர் இடத்தில் அந்தக் குரல் ஏறும்போது லேசாகப் பிசிறியது. பிசிறினால் பிசிறட்டும் என்று அதையும் இழுத்துக்கொண்டு மேலே போனது.

பெண்மணி கரண்டியை அப்படியே தூக்கிப் பிடித்திருந்தார். "யம்மாடி! இது யார்டுல லாரி கூப்புடுற பொண்ணு இல்ல? எங்க வூட்டுக்காரர் சொல்வாரு, அது கூப்ட்டா லாரியே தானா நவுரும்னு!"

வண்டி முன்னால் வரிசையைக் காணோம். கையில் பாதி பஜ்ஜியோடு எல்லோரும் மேடைப் பக்கம் ஓடினார்கள். ஒருவர் கொடுத்த காசுக்கு மீதியைக்கூட வாங்காமல் ஓடினார்.

"அக்கா, எண்ணெய்! எண்ணெய் தீயுது!" என்று நான் கத்தினேன். பாதுகாப்பு அதிகாரியின் புத்தி.

"தீயட்டும் உடு!" என்றார் அவர்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது. குலவைச் சத்தம் மணல் முழுக்கப் பரவியது. "வந்துட்டா! அம்மா வந்துட்டா!"

"யார் மேல?" என்றேன்.

"வேலு சம்சாரம் மேல! தலைய விரிச்சி போட்டுகினு... ஐயோ, அத்தோட நாத்தனாருக்கும்! வேப்பல எட்றா! மஞ்சத் தண்ணி எட்றா!" கடைசி இரண்டும் எனக்கல்ல, மேடைக்கே கேட்கும்படி கத்தினார்.

அம்மா மலையேறும் வரை பாட்டு நிற்கக் கூடாது. தேவகி நிறுத்தவில்லை. கடைசி அடியைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி தூக்கிக் கொடுத்தார். டிரம்ஸ் முந்தவில்லை, பிந்தவில்லை, அவர் தோளோடு தோள் உரசிக்கொண்டு ஓடியது. ஆடுகிறவர்களின் மூச்சுக்குத் தக்கபடி பாட்டை ஏற்றுகிறார் என்பது காதிலேயே தெரிந்தது. கற்பூரம் காட்டுகிறார்கள் என்று பெண்மணி சொன்னபோது பாட்டை மெதுவாக இறக்கினார். அந்த இறக்கத்தில், நான் திருவொற்றியூரில் கேட்ட அடக்கம் இருந்தது. அடங்குவதற்கு ஏதோ ஒன்று பொங்கியிருக்க வேண்டும் அல்லவா? அது இப்போது இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று பாட்டுக் கணக்கை யாரும் எண்ணவில்லை. அடுத்தது இரு பெண் குரல் பாட்டு ஒன்று. கோரஸ் குரல் ஒன்று கீழிருந்து தாங்கியது. புதுக் குரலாக இருந்தது.

"கோரஸ் யாரும்மா?"

"பட்டுப்பொடவ கட்டிகினு ஓரமா மொறச்சிகினு நின்னுதே, அத்து தான். எடது பக்க மைக்குக்கு தானா வந்துடிச்சி. நல்லா தான் பாடுது, இல்ல?"

நன்றாகத்தான் பாடினார். நல்ல பாட்டு பக்கத்தில் நடக்கும்போது பாடத் தெரிந்தவர்களால் சும்மா நிற்க முடியாது.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் எழுத்தைப் படிக்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து, நாம் உட்காரும் இடமும் எழுத்தில் ஒரு பகுதி. சோபா போடுவார்கள். அன்போடுதான் போடுவார்கள். மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு, பாடுகிறவர் கண்ணுக்கு எட்டாத இடம் தேடிப் போங்கள். நல்ல பாட்டைக் கேட்க முகம் எதற்கு? காது போதும். பார்க்க முடியாததைச் சொல்ல எங்கேயும் ஒரு பஜ்ஜி வண்டி இருக்கும்.

கச்சேரி முடிந்தது. கைதட்டல் ஓய்ந்தது. எல்லோரும் எதற்கோ காத்திருப்பது போல ஓர் அமைதி. எனக்குத் தெரியும் எதற்கு என்று. என் கை வண்டியின் விளிம்பைப் பிடித்திருந்தது.

"வேலு மேல ஏறுறாரா?"

"ஏறுறாரு."

"கையில ஏதாவது இருக்கா?"

"இரு, மறைக்கிறானுங்க... ஏய், குந்துங்கடா! ஆங், கீது. தட்டு கீது! வெத்தல, பாக்கு, பூவு, எல்லாம் கீது!"

"தேசிங்குகிட்ட குடுத்துட்டாரா?"

"கீபோர்டுகாரன் கைய நீட்டிகினு நிக்கிறான். வேலு அவனத் தாண்டி போறாரு. நேரா அந்தப் பொண்ணாண்ட போறாரு. அது வாங்க மாட்டேங்குது... கீபோர்டுகாரன் பாக்குறான்... அவனே சொல்றான் பாரு, வாங்கு வாங்குன்னு. வாங்கிடிச்சி! யப்பா, வாங்கிடிச்சி பெரிசு!"

நானும் அவரும் ஏன் கையைப் பிடித்துக்கொண்டோம் என்று தெரியவில்லை. அவர் கையெல்லாம் கடலைமாவு.

ஸ்பீக்கரில் தேவகி வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கமிட்டிக்கு நன்றி சொன்னார், குழுவுக்கு நன்றி சொன்னார், முதல் பாடகியை அக்கா என்று சொல்லி நன்றி சொன்னார்.

"அப்பால, முன்னாடி சோபாவுல குந்திகினு இருந்துட்டு எய்ந்து போனாரே ஒரு சார். எங்க கீறாரோ தெரியல. இன்னும் காது கேட்டுகினு இருந்தா ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கறேன். நாளைக்கி இன்னா வேணா எய்திக்கோ சார்!"

குப்பமே விசிலடித்தது. ஒரு பாடகி விமர்சகனைப் பார்த்துச் சொல்லக்கூடிய மிகச் சிறந்த சொல்லை நான் என் காதால் கேட்டுவிட்டேன். தாங்க முடியாமல் நானும் இரண்டு விரலை மடித்து வாயில் வைத்து ஊதினேன். காற்றுதான் வந்தது.

பஜ்ஜிக்காரப் பெண்மணி பெட்டியிலிருந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்டி இல்ல பெரிசு. நாக்க உள்ள மடிச்சி ஊது."